கிரிக்கெட் சொற்களின் பிறந்தகம்

முப்பத்தைந்து ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய கை என்னுடையது. கணக்கிலோ ஆங்கிலத்திலோ ஒருவன் மதிப்பெண்ணே பெறாமற் போனால், "அவன் முட்டை வாங்கிவிட்டான்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலாகச் சொல்லும். தாளின் தலைமாட்டில் சிவப்பு மையால் நாங்கள் இடும் சுழியம் முட்டையின் வடிவில் இருப்பதால் பிறந்த பேச்சு அது. யாரும் யாருக்கும் கற்பித்ததன்று. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இங்கிலாந்து நாட்டாரும் அதே வடிவத்தைக் கண்டு அதே உவமையைத்தான் சொன்னார்கள் என்று பின்னாளில் அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவர்கள் கோழியை விட்டு வாத்தைப் பிடித்தார்கள், அவ்வளவே வேறுபாடு.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடம். ஆகையால் முட்டையிலிருந்தே தொடங்குகிறேன். கிரிக்கெட் ஆட்டத்தில் ஓர் ஓட்டமும் எடுக்காமல் ஆட்டமிழந்தவர் 'டக்' ஆனார் என்கிறோம் அல்லவா? 'டக்' என்றால் வாத்து. அது 'வாத்து முட்டை' என்ற தொடரின் தலைப்பாதி. பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் 1866ஆம் ஆண்டில் ஒரு பந்தயத்தில் ஓட்டம் ஏதும் எடுக்காமல் திரும்பியபோது, அவர் வாத்து முட்டையோடு திரும்பினார் என்று செய்தித்தாள் எழுதிற்று. நாளடைவில் முட்டை உதிர்ந்துவிட்டது. வாத்து மட்டும் நின்றது. முதற் பந்திலேயே வீழ்ந்தால் அது தங்க வாத்து. ஒரே பந்தயத்தின் இரண்டு இன்னிங்ஸிலும் வீழ்ந்தால் அதற்கு 'இணை' என்று பெயர். இரண்டு சுழியங்களை அருகருகே எழுதிப் பாருங்கள். மூக்குக் கண்ணாடி தெரியும். 'ஓர் இணைக் கண்ணாடி' என்பதே அதன் முழுப் பெயர்.

வாத்துக்கு உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்ற வேறுபாடு கிடையாது. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் இலண்டன் ஓவல் மைதானத்தில் டொனால்டு பிராட்மன் தம் கடைசி டெஸ்ட் பந்தயத்தில் மட்டை பிடிக்க வந்தார். இன்னும் நான்கே ஓட்டங்கள் எடுத்திருந்தால் அவருடைய சராசரி சரியாக நூறாகியிருக்கும். எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே அவர் ஸ்டம்பு சாய்ந்தது. 99.94 என்ற எண் அன்று நிலைத்தது. நம்மவரான அஜித் அகர்கர் 1999-2000 ஆஸ்திரேலியப் பயணத்தில் அடுத்தடுத்து ஐந்து முறை ஓட்டமின்றி வெளியேறியதால் 'பம்பாய் டக்' என்ற பட்டம் பெற்றார். உண்மையில் பம்பாய் டக் என்பது வாத்தன்று. பம்பாய்க் கரையில் காயவைத்து விற்கும் ஒருவகை மீன். அதே அகர்கர் 2002இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 109 ஓட்டங்கள் எடுத்தார் என்பதையும், சச்சின் டெண்டுல்கருக்கும் அம்மைதானத்தில் டெஸ்ட் சதம் வாய்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சொற்களின் பிறப்பைத் தேடுவது இன்பமான வேலை. ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன். 111 என்ற எண்ணுக்குக் கிரிக்கெட் உலகில் 'நெல்சன்' என்று பெயர். ஓர் அணியோ ஓர் ஆட்டக்காரரோ அந்த எண்ணில் நின்றால் அது தீய சகுனம் என்று பலர் நம்புவர். இங்கிலாந்தின் நடுவர் டேவிட் ஷெப்பர்டு அந்த எண் பலகையில் தோன்றும்போதெல்லாம் ஒற்றைக்காலில் குதிப்பார். அவரது பருத்த உடல் துள்ளுவதைக் காண்பதற்காகவே 111 வராதா என்று காத்திருந்தவர்கள் உண்டு. ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இச்சொல்லை விளக்கினேன். கடற்படைத் தளபதி நெல்சனுக்கு ஒரு கண், ஒரு கை, ஒரு கால் மட்டுமே எஞ்சியிருந்தன. ஒன்று, ஒன்று, ஒன்று. ஆகவே 111 நெல்சன் ஆயிற்று என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, "ஐயா, நெல்சனுக்கு இரண்டு கால்களும் இருந்தனவே, இலண்டன் தூண்மேல் இரண்டு கால்களோடுதானே நிற்கிறார்?" என்று கேட்டான். தலைமையாசிரியரை நடுக்கூட்டத்தில் மறுத்துப் பேசுவதா என்று எனக்குச் சினம் மூண்டது. "உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலையே நூலகத்தில் தேடினேன். 1794இல் கார்சிகாத் தீவுப் போரில் நெல்சனின் வலக்கண் பார்வை பழுதுற்றது. 1797இல் டெனரீஃப் தீவில் வலக்கை போயிற்று. 1805இல் டிரபால்கர் கடற்போரில் உயிர் போகும்வரை கால்கள் இரண்டும் இருந்தன. மறுநாள் அதே மேடையில் நின்று, அவன் சொன்னதே சரி என்று சொன்னேன். கைதட்டல் முன்னாளைவிடக் குறைவாகவே இருந்தது. உண்மையில் 111 என்பது பார்ப்பதற்கே மேற்குச்சி இல்லாத மூன்று ஸ்டம்புகள்போல் நிற்கிறது. ஆட்டக்காரருக்கு அதைக் கண்டு அச்சம் வர நெல்சன் வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் கேப் டவுன் நகரில் காலை 11 மணி 11 நிமிடத்தில், ஆஸ்திரேலியாவை வெல்லத் தென்னாப்பிரிக்காவுக்குச் சரியாக 111 ஓட்டங்கள் தேவைப்பட்டன. பார்வையாளர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். நடுவர் இயன் கூல்டும் நின்றார். அச்சம் தென்னாப்பிரிக்காவைத் தொடவில்லை. அவர்கள் எளிதாக வென்றார்கள்.

இத்தகைய நம்பிக்கைகள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு ஆஸ்திரேலியாவின் 87 நல்ல சான்று. நூறுக்குப் பதின்மூன்று குறைவு என்பதால் அவர்களுக்கு அது பேயின் எண். பிற்காலத்தில் பெரும் ஆட்டக்காரராகத் திகழ்ந்த கீத் மில்லர் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1929இல் மெல்போர்னில் பிராட்மன் 87 ஓட்டங்களில் வீழ்ந்ததைக் கண்டதாக நினைவு வைத்திருந்தார். அதுமுதல் 87 வரும்போதெல்லாம் அவர் மனம் துணுக்குறும். உடன் ஆடியவர்களையும் அது தொற்றிக்கொண்டது. பல்லாண்டுகள் கழித்துப் பழைய ஓட்டக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், பிராட்மன் அன்று எடுத்தது 89. பேய் வேறு வீட்டில் இருந்திருக்கிறது!

எனவே, ஒரு சொல்லின் கதையைக் கேட்டவுடன் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, அச்சொல் எந்த ஆண்டில் முதன்முதலாக அச்சேறியது என்பதே. கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு முன்பே சொல் அச்சில் இருந்தால் கதை பொய். அதற்குச் சிறிது பின்னர் வந்திருந்தால் கதை மெய்யாக இருக்கலாம்.

இந்தச் சோதனையில் தேறும் சொல் 'ஹாட்ரிக்'. 1858ஆம் ஆண்டில் ஷெஃபீல்டு நகரத்து ஹைட் பார்க் மைதானத்தில், அனைத்திங்கிலாந்துப் பதினொருவர் அணிக்காக ஆடிய எச். எச். ஸ்டீபன்சன் அடுத்தடுத்து மூன்று பந்துகளில் மூவரை வீழ்த்தினார். கூடியிருந்தவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அவருக்கு ஒரு தொப்பி வாங்கி அணிவித்தார்கள். தொப்பிக்கு ஆங்கிலத்தில் 'ஹாட்', சாதுரியத்துக்கு 'டிரிக்'. 1865இல் இச்சொல் செய்தித்தாளில் வந்துவிட்டது. ஏழாண்டு இடைவெளி ஒரு சொல் மைதானத்திலிருந்து அச்சகத்துக்கு நடந்துவரப் போதுமான காலந்தான். இந்த ஸ்டீபன்சன்தான் 1861-62இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற முதல் ஆங்கில அணியின் தலைவர்.

டெஸ்ட் பந்தயங்களில் முதல் ஹாட்ரிக்கை 1879இல் ஆஸ்திரேலியாவின் ஸ்பாஃபர்த் எடுத்தார். இந்தியர் ஒருவர் எடுப்பதற்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஹர்பஜன் சிங் பாண்டிங்கையும் கில்கிறிஸ்டையும் அடுத்தடுத்து வீழ்த்தினார். மூன்றாவது பந்தை வார்ன் காலருகே தட்ட, மட்டைக்கு மிக அருகில் நின்ற சென்னை வீரர் சடகோபன் ரமேஷ் அதை இறுகப் பற்றிக்கொண்டார். அந்தப் பிடி மட்டும் நழுவியிருந்தால்? பந்து வீசியவர் பெயரையே உலகம் நினைக்கிறது. பிடித்தவருக்கு யாரும் தொப்பி வாங்குவதில்லை. இச்சொல் இன்று கால்பந்துக்கும் வளைகோல் பந்துக்கும் போய், மூன்று முறை தொடர்ந்து வெல்லும் சட்டமன்ற உறுப்பினருக்கும் வந்துவிட்டது.

'கூக்ளி' வேறு வகை. பொருளின் வரலாறு துலக்கமாக இருக்கிறது. பெயரின் வரலாறு இருளில் கிடக்கிறது. பெர்னார்டு போசன்கே என்னும் ஆக்ஸ்ஃபர்டு மாணவர் 1897ஆம் ஆண்டையொட்டி மேசைமீது டென்னிஸ் பந்தைக் குதிக்கவைத்து, எதிரில் இருப்பவர் பிடிக்காதபடி சுழற்றும் ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். வலக்கையால் மணிக்கட்டைச் சுழற்றி வீசும் பந்து, வலக்கை மட்டையாளரின் காற்புறம் குத்தி வெளியே திரும்புவது வழக்கம். மணிக்கட்டை மேலும் சிறிது மடக்கிவிட்டால், கை அதே செயலைச் செய்வதுபோல் தோன்றினாலும் பந்து எதிர்த்திசையில் உட்புறம் திரும்பும் என்று அவர் கண்டுபிடித்தார். 1900இல் லார்ட்ஸ் மைதானத்தில் லெஸ்டர்ஷயர் அணிக்கு எதிராக அதை வீசினார். 98 ஓட்டங்களில் நின்ற சாமுவேல் கோ முன்னேறி வந்து ஏமாந்து ஸ்டம்பிங் முறையில் ஆட்டமிழந்தார். அந்தப் பந்து தரையில் நான்கு முறை குதித்ததாம்! நூறைத் தவறவிட்டவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. வஞ்சகப் பந்து என்று பலர் அதைப் பழித்தார்கள். ஆனால் சில ஆண்டுகளில் தென்னாப்பிரிக்கர் நால்வர் அக்கலையைக் கற்றுக்கொண்டு, 1905-06இல் இங்கிலாந்தையே நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார்கள். பழிச்சொல் அத்துடன் அடங்கிற்று.

பெயர் எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலியர் அவர் பெயரைச் சுருக்கிப் 'போசி' என்றார்கள். 'கூக்ளி' என்பதோ 1903ஐ ஒட்டி அச்சில் தலைகாட்டுகிறது. ஏமாந்த மட்டையாளரின் விழி உருண்டு பிதுங்கியதால் வந்தது என்பார் சிலர். நியூசிலாந்தின் மாவோரி மொழியிலிருந்து வந்தது என்பார் சிலர். அகராதிகள் தோற்றம் விளங்கவில்லை என்று எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அகராதி அப்படி எழுதுவதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

என் பிள்ளைப் பருவத்தில் கூக்ளி என்றால் எங்களுக்குச் சந்திரசேகர்தான். இளமையில் இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலக்கையாலேயே அவர் பந்து வீசினார். 1971 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் அவர் 38 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா இங்கிலாந்து மண்ணில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. மறுநாள் எங்கள் தெருவில் எல்லாரும் கூக்ளி வீசினார்கள். ஒன்றும் திரும்பவில்லை, எதிர்வீட்டு ஓடு ஒன்று மட்டும் உடைந்தது.

அடுத்த சொல்லைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கமுண்டு. இடக்கையால் மணிக்கட்டைச் சுழற்றி வீசும் பந்துக்குச் 'சைனாமேன்', அதாவது 'சீனாக்காரன்' என்று நெடுங்காலம் பெயர் வழங்கியது. இதற்குச் சொல்லப்படும் கதை இது: 1933இல் மான்செஸ்டர் டெஸ்ட் பந்தயத்தில் மேற்கிந்திய அணியின் எல்லிஸ் அச்சாங் வீசிய ஒரு பந்தில் இங்கிலாந்தின் வால்டர் ராபின்ஸ் ஏமாந்து ஸ்டம்பிங் ஆனார். அச்சாங் சீன வழிவந்தவர். அவ்வழியினரில் முதன்முதலாக டெஸ்ட் ஆடியவர். ஒரு சீனாக்காரனிடமா ஏமாந்தேன் என்று வசைமொழியோடு முணுமுணுத்தபடி ராபின்ஸ் வெளியேற, அருகில் நின்ற லியரி கான்ஸ்டன்டைன், பந்தைச் சொல்கிறீரா பந்து வீசியவரைச் சொல்கிறீரா என்று கேட்டாராம்.

கதை சுவையானதுதான். ஆனால் நம் சோதனையில் தேறவில்லை. 1926இலேயே 'மான்செஸ்டர் கார்டியன்' நாளிதழில் அச்சொல் இருக்கிறது. அப்படியானால் அச்சாங்குக்கு முன்பே அது வழங்கியது. நேர்வழியில் வராமல் கோணல் வழியில் வரும் பந்துக்குச் சீனரின் பெயரை இட்டார்கள் என்று கொள்வதே பொருந்துகிறது. ஒரு மக்கள் கூட்டத்தையே சூதுக்காரர் என்று எண்ணிய காலத்தின் எச்சம் அது. கான்ஸ்டன்டைனின் கேள்வி உண்மையில் கேட்கப்பட்டதோ இல்லையோ, கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

அதை எனக்கு உணர்த்தியவர் எந்த நூலாசிரியரும் அல்லர். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் எங்களோடு ஆடினான். அவன் தாய் பர்மியப் பெண்மணி. அவன் முகத்தில் அச்சாயல் இருந்தது. இடக்கையால் வீசினான், எங்களில் பந்தைத் திருப்பத் தெரிந்தவன் அவன் ஒருவனே. யாரோ பத்திரிகையில் படித்துவிட்டு வந்து அச்சொல்லை மைதானத்தில் சொன்னார்கள். பந்துக்குரிய பெயர் ஒரு வாரத்தில் பையனுக்குரிய பெயராயிற்று. பிறகு வகுப்பிலும், தண்ணீர்க் குழாயடியிலும், சாலையிலும் அதே பெயர். நானும் அழைத்தேன், உரக்கவே அழைத்தேன். ஒருநாள் முதல் அவன் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு அக்குடும்பம் வேறூர் போய்விட்டது.

2017 மார்ச்சில் குல்தீப் யாதவ் தர்மசாலாவில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடியபோது அச்சொல் மீண்டும் எல்லாச் செய்தித்தாள்களிலும் நிறைந்தது. சீன வழிவந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஒருவர் அதைப் பொறுக்காமல் எழுதினார். 2018இல் 'விஸ்டன்' ஆண்டு நூல் அச்சொல்லை விட்டுவிட்டு, 'இடக்கை மணிக்கட்டுச் சுழல்' என்று எழுதத் தொடங்கியது. இந்தச் சிறு செய்தியைப் படித்தபோது அந்தப் பையனைத்தான் நினைத்தேன்.

பெயரிடுவதே தீர்ப்பு வழங்குவதாகிவிடும் என்பதற்கு 1932-33ஆம் ஆண்டின் சான்றும் உண்டு. பிராட்மனை அடக்குவதற்காக இங்கிலாந்தின் தலைவர் ஜார்டின், லார்வுட்டைக் கொண்டு உடலைக் குறிவைத்து வேகப் பந்து வீசச் செய்தார். ஆங்கிலேயர் அதைக் 'காற்புற முறை' என்று ஏதோ வடிவகணிதத் தேற்றம்போல் அழைத்தார்கள். ஆஸ்திரேலியச் செய்தியாளர்களோ தந்திச் சுருக்கமாக 'பாடிலைன்', அதாவது 'உடற்கோடு' என்றார்கள். ஒரு சொல்லால் வழக்கு முடிந்துவிட்டது. வரலாறு இன்றளவும் அப்பெயரையே சொல்கிறது.

நம் நாட்டவர் ஒருவருக்கும் இப்படியொரு தீர்ப்பு விழுந்தது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் சிட்னி டெஸ்டில் வினு மன்கட் பந்து வீச ஓடி வந்தார். எதிர்முனையில் நின்ற பில் பிரவுன் பந்து கையை விட்டு அகலுமுன்பே கோட்டைத் தாண்டி நகர்ந்தார். மன்கட் பந்தை விடாமல் ஸ்டம்பைத் தட்டி அவரை ஆட்டமிழக்கச் செய்தார். சில வாரங்களுக்கு முன் அதே மைதானத்தில் வேறொரு பந்தயத்தில் அவரை எச்சரித்தும் இருந்தார். ஆட்ட விதி அதை அனுமதித்தது. எதிரணித் தலைவரான பிராட்மனே மன்கட் செய்தது முறை என்று பின்னர் எழுதினார். இருப்பினும் செய்தித்தாள்கள் அச்செயலுக்கு 'மன்கடிங்' என்று பெயரிட்டன. கோட்டைத் தாண்டித் திருட்டுத்தனமாக நகர்ந்தவர் பெயர் மறைந்தது. காவல் காத்தவர் பெயர் பழிச்சொல்லாயிற்று. திருடனை விட்டுவிட்டு, பிடித்தவன் பெயரால் திருட்டை அழைப்பது என்ன நீதி? அதைப் 'பிரவுன்' பெயரால் அழைத்தால் என்ன என்று சுனில் கவாஸ்கர் கேட்டது எனக்கு நியாயமாகவே படுகிறது.

சென்னையில் வாழும் நாம் மன்கட்டை வேறு இரண்டு செய்திகளுக்காக நினைக்கக் கடமைப்பட்டவர்கள். 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் அவர் இங்கிலாந்தின் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கி இருபது ஆண்டுகள் கழித்துப் பெற்ற முதல் வெற்றி அது. 1956 ஜனவரியில் நம் நகராட்சி மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக அவரும் பங்கஜ் ராயும் தொடக்க இணையாக 413 ஓட்டங்கள் குவித்தார்கள். அச்சாதனை 2008 வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் முறியடிக்கப்படவில்லை. இத்தனையும் செய்தவரை உலகம் ஒரு ஸ்டம்பைத் தட்டியதற்காக நினைவு கூர்ந்தது.

2019 மார்ச் 25ஆம் நாள் ஜெய்ப்பூரில் சென்னை வீரர் அஸ்வின், ஜாஸ் பட்லரை அவ்வாறே ஆட்டமிழக்கச் செய்தபோது பழைய கூச்சல் மீண்டும் எழுந்தது. 2022 செப்டம்பரில் லார்ட்ஸில் தீப்தி சர்மா செய்தபோதும் எழுந்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள்முதல் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கழகம், இச்செயலை நியாயமற்ற ஆட்டம் பற்றிய 41ஆம் விதியிலிருந்து எடுத்து, ரன் அவுட் பற்றிய 38ஆம் விதியில் சேர்த்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சட்டம் மன்கட்டின் பக்கம் வந்து நின்றது. பேச்சு வழக்கு அத்தனை விரைவில் வருவதில்லை.

மற்றச் சொற்களை விரைந்து கடக்கிறேன். 'யார்க்கர்' என்பது யார்க்ஷயரிலிருந்து வந்தது. அங்குள்ளவர்கள் அதிகம் வீசியதால் என்பது ஒரு கருத்து. ஒருவரை ஏமாற்றுவதை யார்க்ஷயர் வேலை காட்டுதல் என்று சொல்லும் பழைய ஆங்கில வழக்கு இருந்ததால் என்பது மற்றொன்று. காலடியில் வந்து விழுந்து மட்டையாளரை ஏமாற்றும் பந்தல்லவா? எனக்கு இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. 2020-21இல் ஆஸ்திரேலியா சென்று ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் முதன்முறையாக இந்தியாவுக்கு ஆடிய சேலம் மாவட்டத்து நடராஜனைப் பார்த்தவர்களுக்கு இப்பந்தை நான் விளக்க வேண்டியதில்லை. 'சில்லி பாயிண்ட்' என்பதில் சில்லி என்றால் அறிவீனம். மட்டைக்கு அத்தனை அருகில் போய் நிற்பதை வேறெப்படிச் சொல்வது? எளிதாகப் பிடிக்கத்தக்க பந்துக்கு 'டாலி' என்று பெயர். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தட்டில் பழமும் பூவும் இனிப்பும் வைத்துத் தரும் காணிக்கைக்கு வட இந்தியாவில் டாலி என்பார்கள். அதிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. இது உண்மையாயின், நம் தெருப் பையன்கள் அத்தகைய பிடியை 'அல்வா' என்பதும், எளிய பந்தை 'லட்டு' என்பதும் அதே தட்டிலிருந்து எடுத்தவைதாம்!

நம் பக்கத்திலிருந்து ஆங்கில அகராதிக்குள் ஐயமறப் புகுந்த சொல் 'தூஸ்ரா'. உருதுவிலும் இந்தியிலும் 'மற்றொன்று' என்று பொருள். பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக் வலக்கைச் சுழலில் வழக்கத்துக்கு மாறாக வெளியே திரும்பும் பந்தை வீசக் கற்றார். விக்கெட் காப்பாளர் மொயின் கான் பின்னால் நின்று, மற்றதை வீசு என்ற பொருளில் 'தூஸ்ரா, தூஸ்ரா' என்று கூவுவார். எதிரணிக்கு மொழி தெரியாது, ஆகவே மறைமொழியாயிற்று. ஸ்டம்பில் பொருத்திய ஒலிவாங்கி வழியே அது வர்ணனையாளர் டோனி கிரேக் காதில் விழுந்தது, உலகம் கற்றுக்கொண்டது. கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் அப்பந்தைத் தம் ஆயுதமாக்கிக் கொண்டார். அவர் கை மடங்குகிறதா என்று நீண்ட விசாரணைகள் நடந்தன. முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று பிறகு விதி வகுக்கப்பட்டது. 2010 ஜூலையில் காலி நகரில் 800 விக்கெட்டுகளோடு அவர் ஓய்வு பெற்றார்.

நடுவிரலால் சுண்டிவிடும் 'கேரம் பந்து' 2008இல் இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் மூலம் உலகப் புகழ் பெற்றது. அஸ்வினும் அதை வீசினார். ஆனால் சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடிய பிள்ளைகள் அதற்கு முன்பே அதை 'சொடுக்கு' என்று அழைத்தார்கள். விரலைச் சொடுக்கி விடுவதால் சொடுக்கு. இதைவிடத் தெளிவான பெயர் வேறெங்கும் நான் கண்டதில்லை.

எங்கள் தெருவில் இப்போதும் மாலையில் ஆட்டம் நடக்கிறது. கையை மடக்கிப் பந்தை எறிபவனைப் பார்த்து, "மாங்கா அடிக்கிறான், மாங்கா!" என்று மற்றவர்கள் கூவுவார்கள். மாமரத்தில் கல்லெறிந்து காய் வீழ்த்தும் கைவீச்சு அது. எங்கள் காலத்துச் சொல். சென்ற மாதம் ஒரு சிறுவனை அழைத்து, இச்சொல் எப்படி வந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் சார். மன்கட்னு ஒருத்தர் இருந்தார். அவர் பேர்தான் மாங்கா ஆயிடுச்சு" என்றான்.

நான் மாமரத்தையும் கல்லையும் பற்றி விரிவாகச் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு, "அது எந்த வருஷம் முதல்ல அச்சுல வந்துச்சு, சார்?" என்றான். அவன் அண்ணன் என்னிடம் படித்தவன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் மறுமொழி சொல்லுமுன் அவனுடைய முறை வந்துவிட்டது. மட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.